பக்கெட் வாங்கியாச்சு, அப்புறம்?

கல்லூரிகள் திறக்கும் நேரத்தில் கடைகளில் பக்கெட், மக், பாய், தலையணை, கொடிக்கயிறு எல்லாம் சேர்ந்தே விலைபோகும். மகளோ மகனோ ஹாஸ்டலுக்குக் கிளம்பும் வீடுகளில் பருப்புப்பொடியும் ஊறுகாயும் தனி மூட்டையாகிவிடும். இதில் எதை மறந்தாலும் கவலையில்லை, கல்லூரி வாசல் கடையிலேயே கிடைத்துவிடும். கொண்டுபோகக் கூடாதவற்றைத்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இஸ்திரிப்பெட்டி, மின்சாரக் கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றுக்குப் பெரும்பாலான விடுதிகளில் தடை உண்டு. அறைக்கு அறை அடுப்பு எரிந்தால் கட்டட வயரிங் தாங்காது.

இடத்துக்கு இடம் சங்கதி மாறும். சென்னை ஐஐடி விடுதிகளுக்குக் காவேரி, நர்மதா, தாமிரபரணி என்று நதிகளின் பெயர்கள். வளாகம் கிண்டிக் காட்டை ஒட்டியது. மானும் உண்டு, குரங்கும் உண்டு. அங்கே ஜன்னலைச் சாத்தாமல் வகுப்புக்குப் போனால் அம்மா கொடுத்த முறுக்கு யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

மெஸ் கணக்கைப் பலர் முதல் பில் வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் இருப்பது டிவைடிங் முறை: மாதம் முழுக்க ஆன சாப்பாட்டுச் செலவைச் சாப்பிட்டவர்களின் நாள்கணக்கால் வகுப்பார்கள். 300 பேர், 30 நாள், செலவு 9 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். ஊருக்குப் போகும் நாட்களைக் கழிக்க வேண்டுமானால், பல இடங்களில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் போனவர் சாப்பிடாத சோற்றுக்கும் காசு கட்டுவார்.

கட்டணமே கட்ட முடியாதவர்களுக்கு அரசு விடுதிகள் இருக்கின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நல விடுதிகளில் உணவும் தங்கலும் இலவசம். 2025 ஜூலையில் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் சூட்டப்பட்டது. கல்லூரியில் சேர்ந்தால் மட்டும் இடம் கிடைத்துவிடாது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமலே கடன் வாங்கும் குடும்பங்கள் இருப்பதுதான் வருத்தம்.

அறைத்தோழரோடு வரும் சண்டைகள் பெரும்பாலும் விளக்கு, மின்விசிறி, இரவில் போன் பேச்சு ஆகிய மூன்றில் அடங்கிவிடும். முதல் வாரத்திலேயே பேசி முடித்துக்கொள்வது உத்தமம். வீட்டில் தனி அறையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது லேசில் வராது.

ராகிங் அப்படிப் பேசி முடித்துக்கொள்ளும் விஷயமல்ல. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார், தமிழகமே அதிர்ந்தது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது: இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிமுறை வகுத்தது. மாணவரும் பெற்றோரும் இதற்காக உறுதிமொழி தர வேண்டும். பல வீடுகளில் அதைப் படித்துப் பார்க்காமலே கொடுத்துவிடுகிறார்கள்.

படித்துப் பாருங்கள். 24 மணி நேர ராகிங் உதவி எண் 1800-180-5522. மனச்சோர்வுக்குப் பேச 14416. இரண்டுக்கும் கட்டணமில்லை. வண்டி ஏறும் முன்பே பிள்ளையின் போனில் பதிந்து கொடுத்துவிடுங்கள்.