சீட்டைப் பிரிக்கும் கம்ப்யூட்டர்: கை யாருக்கு? காசு யாருக்கு?

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10-ல் திறந்து வைக்கப்பட்டது. தீவுகளை இணைக்கும் கேபிளின் மொத்த நீளம் சுமார் 2,300 கிலோ மீட்டர். அதுவரை செயற்கைக்கோளையே நம்பியிருந்த தீவுகளுக்கு வேகமான இணைப்பு கிடைத்தது. ஊரில் இருக்கும் பிள்ளைகளின் முகத்தைக் கைப்பேசியில் தெளிவாகப் பார்க்க முடிந்தது. அதே கம்பி வழியாகப் போக்கரும் ரம்மியும் வரலாம் அல்லவா?

போக்கரில் ஒருவருக்கு ஐந்து சீட்டு. யார் கை உயர்ந்தது என்பதை நொடியில் சொல்லிவிடுகிறது கம்ப்யூட்டர். எப்படி?

சீட்டுக்கு எண்

கம்ப்யூட்டருக்கு ராஜாவும் தெரியாது, ராணியும் தெரியாது. எண்தான் தெரியும். 52 சீட்டுக்கும் 0 முதல் 51 வரை எண் கொடுப்பார்கள். அதை 13-ஆல் வகுத்தால் ஈவு இனத்தைக் காட்டும். மீதி மதிப்பைக் காட்டும். ஆர்ட்டின் 0, டைமன் 1, கிளாவர் 2, இஸ்பேட் 3 என்று வைத்துக்கொள்வோம். ஏஸுக்கு மீதி 0. அப்படியானால் 30-ஆம் எண் சீட்டு எது? ஈவு 2, மீதி 4. அதாவது கிளாவர் அஞ்சு!

பத்து ஒப்பீடு

ஐந்து பேர் ஒருவருக்கொருவர் கை குலுக்கினால் மொத்தம் 10 குலுக்கல். அதுபோல ஐந்து சீட்டையும் இரண்டிரண்டாக 10 முறை ஒப்பிட வேண்டும். மதிப்பு ஒத்துப்போனது ஒரு முறை என்றால் ஒரு ஜோடி. 2 என்றால் இரண்டு ஜோடி. 3 என்றால் மூன்று ஒரே மதிப்பு. 4 என்றால் மூன்றும் ஒரு ஜோடியும். 6 என்றால் நான்கு ஒரே மதிப்பு. ஒன்றும் ஒத்துப்போகாவிட்டால், ஐந்தும் ஒரே இனமா, தொடர் வரிசையா என்று பார்த்தால் போதும். ஏஸ் மட்டும் இரண்டுக்குக் கீழேயும் நிற்கும், ராஜாவுக்கு மேலேயும் நிற்கும். அதைத் தனியே சொல்லித்தர வேண்டும்.

மொத்தம் 25,98,960 கைகள் உண்டு. அவற்றில் 13,17,888 கைகளில் ஒரு ஜோடிகூடக் கிடையாது. ஒரே இனத்தில் பத்து முதல் ஏஸ் வரை வரும் தலைசிறந்த கை நான்கே நான்கு!

மேசைக் கூலி

2017-ல் லிப்ரேட்டஸ் என்ற கம்ப்யூட்டர் புரோகிராம் அமெரிக்காவில் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களை வென்றது. திறமையிலேயே மனிதனை மிஞ்சிவிட்டது எந்திரம்.

ஆனால் காசு கரைய அதுகூட வேண்டாம். நான்கு பேர் ஆளுக்கு 10 ரூபாய் வைத்தால் 40 ரூபாய். ஆட்டம் நடத்துபவர் நூற்றுக்கு 5 எடுத்தால் ஓர் ஆட்டத்துக்கு 2 ரூபாய். 200 ஆட்டத்தில் 400 ரூபாய் மேசைக்கே போய்விடும். வென்றவர் பெறுவது பக்கத்தில் இருப்பவர் தோற்ற பணத்தில் மிச்சம்தான்.

ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டம் கூடாது என்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்.

இதையும் மீறி ஆசை காட்டும் செய்தி கைப்பேசிக்கு வந்தால் அழித்துவிடுவதே நல்லது. இணைய மோசடியில் பணம் இழந்தவர்கள் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம். கடல் கடந்து வந்து உழைத்த சம்பளம், அதே கடலடிக் கம்பி வழியாக வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்.