ஏழு நாள் மாத்திரையும் ஒரு டப்பாவும்



நமது ஆஸ்பத்திரியின் ஏழை நோயாளிகள் நிதிக் கணக்கில் "முன்மாத்திரை, டப்பா" என்று ஒரு செலவு வருகிறதே, அது என்ன என்று சில சபைகளிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதை விளக்கவே இதை எழுதுகிறோம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்தது. தென்னைகள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று. ஐந்தாம் நாள் ஒரு சகோதரியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். பல வருடங்களாக நம்மிடம் வலிப்பு நோய்க்கு மாத்திரை வாங்கி, நோய் கட்டுக்குள் இருந்து, வயல் வேலைக்குப் போய் வந்தவர். புயலுக்கு முந்திய இரவோடு மாத்திரை தீர்ந்திருக்கிறது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு முன்னிலும் கடுமையாய், விடாமல் வரக்கூடும். அப்படியே வந்து, எரிகிற அடுப்பருகே விழுந்து, வலது கை வெந்துபோயிருந்தது.

அவருடைய படுக்கையருகே ஜெபித்து எழுந்தபோது, அவர் தாயார் எங்களிடம், "ஐயா, தீர்ந்ததும் வாங்கன்னுதானே சொல்லி அனுப்பினீங்க, தீர்ந்ததும்தான் வந்தோம்" என்றார்கள். எங்களால் பதில் சொல்லக் கூடவில்லை. மருந்துக்கூடத்து ஜன்னலில் நாங்கள் எல்லாரும் வருடக்கணக்காய்ச் சொல்லிவந்தது அந்த வார்த்தைதான். குற்றம் அந்தக் குடும்பத்தின்மேல் இல்லை.

அதற்குப்பின் வார்த்தையை மாற்றினோம். "ஏழு நாள் மாத்திரை மீதி இருக்கும்போதே வாருங்கள்" என்கிறோம். ஆனால் அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கு அந்த முதல் ஏழு நாள் மீதி எங்கிருந்து வரும்? அதை ஒருமுறை நாம் கொடுக்கிறோம். இரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, இருதய நோய், ஆஸ்துமா ஆகியவற்றுக்கு நாள்தோறும் மருந்து எடுப்பவர்களுக்கு இது கொடுக்கப்படுகிறது. அடுத்த மாதம் புது மருந்து வாங்கியதும், பழையதை முதலில் சாப்பிட்டுவிட்டுப் புதிதை டப்பாவில் போட வேண்டும். அரிசிப் பானையில் பழைய அரிசியை மேலே வைப்பதுபோலத்தான். நீங்கள் கணக்கில் கண்ட செலவு இதுவே.

டப்பா எதற்கு என்றால், மாத்திரையை மக்கள் வைக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறோம். அடுப்புக்கு மேலே பரண், குளியலறை ஜன்னல், சுவரில் தொங்கும் மஞ்சள் பை. சூடும் ஈரமும் மருந்தைக் கெடுக்கும். கைக்கெட்டினால் குழந்தை எடுத்து விழுங்கும். திருகு மூடி போட்ட டப்பாவில், உயரமாய், உலர்ந்த இடத்தில் இருக்கவேண்டும்.

அதே டப்பாவில் இன்னும் சில பொருள்களும் போகின்றன. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின் இரத்தக் கசிவை அதிகமாக்கும் என்பதால் அது வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறோம். ஒரு காய்ச்சல்மானி, கட்டுத்துணி, சோப்பு, மருத்துவச் சீட்டின் நகல் ஒரு பிளாஸ்டிக் உறையில். பின்பு இரண்டு பாக்கெட் உப்புச் சர்க்கரைக் கரைசல் தூள். இந்தத் தூளைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1971ல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த பங்காவ்ன் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினரே ஊட்டும்படி செய்தார். 100க்கு 30 பேர் வரை மரித்த இடத்தில் மரணம் 4க்கும் குறைந்தது. அந்தத் தூள் இன்று பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கிறது. ஆனாலும் பேதி வந்த வீட்டில் நடுராத்திரியில் இருப்பதில்லை!

பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் ஒரே தடவையில் கரைக்கவேண்டும். டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று சிக்கனம் பார்த்தால் அளவு தவறிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடிக்கவேண்டும். தூள் இல்லாவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிட்டால் ஆபத்து, ஆகவே கண்மட்டத்தில் போடலாகாது.

இன்சுலின் போடுகிறவர்கள், மின்சாரம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒரு மண்பானைக்குள் சிறிய மண்பானை, நடுவே ஈரமணல், உள்ளே பிளாஸ்டிக் உறையில் மருந்து, மேலே ஈரத்துணி. எங்கள் நர்ஸ் சகோதரிகள் வார்டு வராந்தாவிலேயே ஒன்று வைத்துக் காட்டுகிறார்கள்.

இது விசுவாசக் குறைவல்லவா என்று ஒரு மூப்பர் கேட்டார். எகிப்தில் யோசேப்பு நல்ல வருஷங்களில் ஐந்திலொரு பங்கை எடுத்து வைத்ததை அவருக்கு நினைப்பூட்டினோம். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாய்க் கட்ட நினைத்த ஐசுவரியவானையும் நாங்கள் மறந்துவிடவில்லை. 2020ல் கொரோனாவுக்குப் பயந்து பலர் ஹைட்ராக்சிகுளோரோகுயின் வாங்கிக் குவித்தபோது, மூட்டுவாத நோய்க்கு அதையே நம்பியிருந்தவர்கள் கடைகடையாய் அலைந்தார்கள். ஆகவே ஏழு நாள், மிஞ்சினால் பதினான்கு நாள். அதற்குமேல் நாம் கொடுப்பதில்லை. மீந்துபோன ஆன்டிபயாட்டிக் மருந்துகளையும் டப்பாவில் வைக்க விடுவதில்லை.

அந்தச் சகோதரியின் கை ஆறிவிட்டது. இரண்டு விரல்கள் மட்டும் மடங்குவதில்லை. போன மாதம் ஜன்னலில் நின்று டப்பாவைத் திறந்து, ஒன்பது மாத்திரை மீதி இருக்கிறது என்று எண்ணிக் காட்டினார்.

உங்கள் வீடுகளில் ஹார்லிக்ஸ், காபித்தூள் டப்பாக்கள் திருகு மூடியோடு இருந்தால், கழுவி நன்றாய்க் காயவைத்து, உங்கள் சபைக் குருவானவரிடம் கொடுத்தனுப்புங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம்.