பீர் குழாயும் கோலி சோடாவும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர். பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை இப்போது கெஜரேட்டராக மாற்றிக்கொண்டிருக்கிறார். உள்ளே பீர் நிரம்பிய கெக் எனும் உலோகப் பீப்பாய், அதன் பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், கதவைத் துளைத்து வெளியே ஒரு குழாய். அந்தக் குழாயை வாங்குவதில்தான் அவருக்குக் குழப்பம். சில டாலருக்கும் கிடைக்கிறது, அதைப் போலப் பல மடங்கு விலையிலும் கிடைக்கிறது. “விலை கூடிய குழாயில் நுரை பொங்காது என்கிறார்கள், நிஜமா?” என்று கேட்கிறார்.

நிஜமில்லை. நுரையை முதலில் தீர்மானிப்பது பீரின் குளிர்ச்சி. அடுத்தது, கெக்கிலிருந்து குழாய்வரை வரும் டியூபின் நீளமும் துளையும். குழாய்க்கு மூன்றாவது இடம்தான். ஆனாலும் அந்த மூன்றாவது இடத்தில் நல்ல இயற்பியல் இருக்கிறது. விளம்பரங்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை; கைப்பிடியின் பளபளப்பைத்தான் காட்டுகின்றன.

முன்கதை கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பீரை நிலவறையிலிருந்து மேலே இழுக்கும் கைப்பம்புக்கு இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1797இல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்ச மத்திய அரசு வழிவிட்டது, 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால். அலபாமாவும் மிசிசிப்பியும் மட்டும் 2013வரை பிடிவாதமாக இருந்தன. குளிர்பானக் கம்பெனிகள் சிரப் நிரப்பி அனுப்பிய 19 லிட்டர் ஸ்டீல் கெக்குகள், பெட்டிக்குள் பை வைத்து அடைக்கும் முறை வந்ததும் வேலையற்றுப் போயின. அவற்றை மலிவாக வாங்கிப்போட்டவர்கள் வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள்தான். வரலாறு இவ்வளவு போதும்.

கோலி சோடா உடைத்துக் குடித்தவர்களுக்குப் பீர் குழாயின் உட்புறம் ஏற்கெனவே தெரியும். புட்டியின் வாயில் ஒரு ரப்பர் வளையம். அதில் கீழிருந்து போய் அழுந்தியிருக்கிறது கோலி. வெளியிலிருந்து அதை யாரும் பிடித்து வைக்கவில்லை. உள்ளே அடைபட்ட வாயுதான் அதைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. வாயு எவ்வளவு முண்டுகிறதோ அவ்வளவு இறுக்கமாகக் கதவு சாத்திக்கொள்ளும். கட்டைவிரலால் கோலியை உள்ளே அமுக்கினால்தான் வழி பிறக்கும்.

பீர் குழாயும் அப்படியே. கோலிக்குப் பதில் நுனியில் ரப்பர் வாஷர் மாட்டிய ஒரு சிறு தண்டு. கைப்பிடியை நம் பக்கம் இழுத்தால் அதன் கீழ்முனை பின்னால் போய்த் தண்டைப் பீர் வரும் திசைக்கே தள்ளுகிறது. வாஷர் விலகுகிறது, பீர் வருகிறது. கைப்பிடியை நிமிர்த்தினால் வாஷர் தன் இடத்துக்குத் திரும்புகிறது. அதை அங்கேயே அழுத்தி வைத்திருப்பது பீரின் அழுத்தம். கோலியைப் புட்டியின் கழுத்துப் பள்ளத்தில் நிறுத்தினால்தான் சோடா தடையில்லாமல் இறங்கும், இல்லையா? குழாயில் அந்தப் பள்ளத்தின் வேலையைக் கைப்பிடியின் உராய்வு செய்கிறது. இழுத்துவிட்டால் அப்படியே திறந்து நிற்கும். போகிறபோக்கில் யாருடைய முழங்கையாவது பட்டுத் திறந்துகொண்டால் 19 லிட்டரும் தரையில்தான். தானாக மூடவைக்கும் ஸ்பிரிங் ஒன்று சில மாடல்களுக்குத் தனியாகக் கிடைக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டில் அதை வாங்கிப் போட்டுவிட வேண்டும்.

கோலியைப் பாதி அமுக்கி நிறுத்தினால் என்ன ஆகும்? முகத்தில் பீய்ச்சும். பீர் குழாயைப் பாதி திறந்தாலும் அதுதான் கதை. நுரை வருகிறதே என்று பயந்து கொஞ்சமாகத் திறப்பவர்களுக்குத்தான் கோப்பை முழுக்க நுரை வருகிறது. இதன் காரணம் அழகானது. கெக்கினுள் சுமார் 3 டிகிரி செல்சியஸ் குளிரில், காற்றழுத்தத்துக்கு மேல் 12 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பீர் இருக்கிறது. வெளியே வரும்போது அந்த 12ம் எங்காவது செலவாகியே தீர வேண்டும். குழாயை முழுதாகத் திறந்தால் பீர் வேகமாக ஓடும். டியூபின் சுவரோடு உரசி உரசி, வழிநெடுகிலும் சிறிது சிறிதாக அழுத்தத்தை இழக்கும். பாதி திறந்தால் ஓட்டம் மெதுவாகும், உரசல் குறையும், டியூப் முழுக்க அழுத்தம் அப்படியே இருக்கும். 12 பி.எஸ்.ஐ.யில் பெரும்பகுதி அந்த ஒரு சின்ன இடுக்கில், ஒரே நொடியில் விழும். கரைந்திருந்த வாயு அங்கே வெளியே பாய்கிறது.

டியூபைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வீட்டுக் கெஜரேட்டரில் வழக்கமாகப் போடுவது 4.8 மில்லிமீட்டர் உள்துளை உள்ள டியூப். அரை லிட்டர் கோப்பை 10 நொடியளவில் நிறையும் வேகத்தில் அதற்குள் பீர் கலங்கித்தான் ஓடுகிறது. அப்படிக் கலங்கி ஓடும்போது, துளையின் விட்டம் கூடக்கூட அழுத்த இழப்பு ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கில் குறைகிறது. 4.8ஐ 6.4 மில்லிமீட்டர் ஆக்கினால், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இழப்போ கால் பங்காகிவிடும். 3 மீட்டர் டியூப் செய்த வேலைக்கு 12 மீட்டர் தேவைப்படும். எத்தனை விலையுயர்ந்த குழாயை மாட்டினாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

அப்படியானால் மலிவுக் குழாய்க்கும் நல்ல குழாய்க்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. மறுபடி கோலிப் புட்டிக்கே வாருங்கள். ரப்பர் வளையம் புட்டியின் உதட்டில் இல்லாமல் கழுத்தின் அடியில் இருந்தால்? கோலி மூடிய பிறகும் மேலே கழுத்து நீளத்துக்குச் சோடா நனைத்த கண்ணாடி காற்றில் கிடக்கும். பழைய பாணிக் குழாய் சரியாக இப்படித்தான். அடைப்பு பின்கோடியில் இருக்கும். ஊற்றி முடித்ததும் தண்டைச் சுற்றியும் மூக்கின் உள்ளேயும் பீர்ப் படலம் ஒட்டிக்கொண்டு காய்கிறது. சர்க்கரையும் புரதமும் கோந்தாகின்றன. ஆக்சிஜன் கிடைத்த குஷியில் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. பழ ஈக்கள் மோப்பம் பிடித்து வருகின்றன. இரண்டு நாள் கழித்துக் கைப்பிடியை இழுத்தால் அசையாது. முன்பக்கம் அடைக்கும் குழாயில் அடைப்பு மூக்கை ஒட்டியே இருக்கிறது. தண்டு எப்போதும் பீரிலேயே மூழ்கியிருப்பதால் காய்வதற்கு இடமில்லை.

காய்ந்த பிசினால் சுத்தம் மட்டுமா கெடுகிறது, நுரையும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. பீருக்குள் ஒரு குமிழி சும்மா பிறந்துவிடாது. மிகச் சிறிய குமிழியைப் பரப்பு இழுவிசை நசுக்கிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், குளிர்ந்த பீர் வெளிக்காற்றுக்கு வரும்போது, ஆரம் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டருக்கு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, மேல் இருக்கும் குமிழிதான் பிழைத்து வளரும். அதைவிடச் சிறியது கரைந்து மறையும். ஆக, வழுவழுப்பான, சுத்தமான பரப்பில் பீர் அமைதியாக வழியும். காற்றைப் பொத்தி வைத்திருக்கும் மைக்ரோமீட்டர் அளவுப் பொந்துகள் இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு குமிழி ஆலை. காய்ந்த பிசினில் அப்படிப்பட்ட பொந்துகளுக்குப் பஞ்சமே இல்லை. ஷாம்பெயின் கோப்பையில் எழும் குமிழிச் சரங்கள், கண்ணாடியில் ஒட்டிய நார்த்துணுக்குகளுக்குள் அடைபட்ட காற்றிலிருந்து கிளம்புவதைப் பிரான்சின் ரீம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் லிஜே-பெலேர் விரிவாகக் காட்டியிருக்கிறார். குழாய்க்குள் நடப்பதும் அதே இயற்பியல்.

முதல் கோப்பை மட்டும் நுரைத்துத் தள்ளுவதும் இதோடு சேர்ந்ததுதான். ஃபிரிட்ஜுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உலோகம் அறையின் சூட்டில் இருக்கிறது. 3 டிகிரியில் 12 பி.எஸ்.ஐ.க்குக் கட்டுப்பட்டிருந்த வாயுவை 20 டிகிரியில் கரைத்து வைத்திருக்க அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்தம் வேண்டும். சூடான உலோகத்தைத் தொட்டதும் வாயு பிய்த்துக்கொண்டு வருவது எந்தக் குழாயிலும் நடக்கும். “நுரையே வராத குழாய்” என்று விற்பவரை நம்பாதீர்கள். மேலும், இரண்டு விரல்கடை நுரைகூட இல்லாத பீரை எதற்குக் குடிப்பது?

இனி வாங்கும் வேலை. சில டாலருக்கு வரும் பிளாஸ்டிக் அமுக்குக் குழாய் தற்காலிகத்துக்கு ரொம்பவே நல்லது. கெக்கோடு சேர்ந்து ஃபிரிட்ஜுக்குள்ளேயே குளிர்ந்து கிடப்பதால் முதல் கோப்பையும் ஒழுங்காக வரும். அதற்கு மேலே குரோம் முலாம் பூசிய பித்தளை. இதை நான் வேண்டாம் என்பேன். பீர் அமிலத் தன்மை உள்ளது, அதன் பி.எச். 4 முதல் 4.5 வரை. முலாம் ஓரிடத்தில் தேய்ந்தால் அடியில் இருக்கும் செம்பும் துத்தநாகமும் பீரில் இறங்கி, வாயில் உலோகச் சுவை தட்டும். தேய்ந்த முலாம் திரும்ப வளராது. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அப்படியல்ல. அதன் மேல் சில நானோமீட்டர் கனத்தில் குரோமியம் ஆக்சைடு படலம் இருக்கிறது. கீறினால் காற்றுப் பட்டதும் தன்னைத் தானே மூடிக்கொள்ளும்.

முன்பக்கம் அடைக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களில் பெர்லிக் பழைய பெயர். இன்டர்டேப், நூக்காடேப் போன்றவை அதைவிட விலை குறைந்தவை. வீட்டு உபயோகத்துக்கு இந்த நடுத்தர விலைக் குழாயே போதும். ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு வைத்த ரகத்துக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். கோதுமை பீர் போல வாயு மிகுந்ததையும் சாதாரண பீரையும் ஒரே குழாயில் மாற்றி மாற்றி ஊற்றுபவருக்கும், நீள டியூபுக்கு இடமில்லாதவருக்கும் அது உதவும். ஒரே கெக் வைத்திருப்பவருக்கு வேண்டாத செலவு. அமெரிக்காவில் இந்தக் குழாய்களின் இணைப்பு மரை பெரும்பாலும் ஒரே அளவு என்பதால், இன்று மலிவாக ஒன்றை மாட்டிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளவும் தடையில்லை.

எந்தக் குழாயானாலும் கழற்றிக் கழுவ வேண்டும். மதுக்கூடங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டியூபைக் கழுவி, குழாயைப் பிரித்துக் கையால் தேய்க்கச் சொல்கிறது அமெரிக்க பீர் உற்பத்தியாளர் சங்கத்தின் கையேடு. வீட்டில் கெக் மாற்றும்போதெல்லாம் செய்தாலும் சரி. முன்பக்கம் அடைக்கும் குழாய்க்குள்ளும் ஓ-ரிங்குகள் உண்டு. அவற்றின் இடுக்கிலும் பிசின் சேரும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆனால் இதே கெக், இதே டியூப், இதே குழாயில் சோடா ஊற்றிக் குடிக்க எந்தத் தடையும் இல்லை.

டெக்சாஸ் வாசகரே, கடையில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்தக் குழாய் முன்பக்கம் அடைக்கிறதா, பின்பக்கமா? முன்பக்கம் அடைப்பதில் இருப்பதிலேயே மலிவான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒன்றை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் 4.8 மில்லிமீட்டர் டியூப் 3 மீட்டரும், குழாயைத் தேய்க்க ஒரு சின்ன பிரஷும் வாங்கிக்கொள்ளுங்கள்.