கிளிமஞ்சாரோ: 139 மீட்டர் பாக்கி!

2025 பொங்கல் விழாவில் என்னைப் பார்த்த சங்க உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஆப்பிரிக்கா போய் மலை ஏறினீர்களாமே! உச்சியைத் தொட்டீர்களா, சார்?"

"இல்லை, 139 மீட்டர் பாக்கி" என்றேன். சிலர் "அடடா!" என்று வருந்தினார்கள். ஒரு பெரியவர், "அவ்வளவு செலவு செய்து போய்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். நமது இதழாசிரியர் மட்டும், "அந்த 139 மீட்டரைப் பற்றியே எழுதிக் கொடுங்களேன்" என்றார். அதன் விளைவே இக்கட்டுரை.

ஆசை யாரை விட்டது?

டிப்ளமோ முடித்து 1983-இல் ரயில்வேயில் சேர்ந்தவன் நான். தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி இவைதான் 37 ஆண்டுகள் என் உலகம். அதில் பெரும்பகுதி கர்ஜத் - லோனாவளா, கஸாரா - இகத்புரி மலைப்பாதைகளில் கழிந்தது. 2020-இல் ஓய்வு பெற்ற பின், கல்யாணில் காலை நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்களுடன் சிறு மலைகள் ஏறத் தொடங்கினேன். மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான கல்சுபாய் (1,646 மீட்டர்) ஏறி இறங்கியதும் தலைக்கனம் வந்துவிட்டது. குழுவிலிருந்த இளைஞர்கள் கிளிமஞ்சாரோ என்று பேச்சை எடுத்தபோது, "நானும் வருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு வயது 64.

"தாத்தா, அது எந்திரன் பாட்டில் வருகிற மலைதானே?" என்றாள் பேத்தி. பெயர் அதுதான். ஆனால் 2010-இல் வந்த அந்தப் படத்தின் பாட்டு எடுக்கப்பட்டதோ தென் அமெரிக்காவில், பெரு நாட்டு மச்சு பிச்சுவில்! நிஜமான கிளிமஞ்சாரோ கிழக்கு ஆப்பிரிக்காவில், தான்சானியாவின் வடகிழக்கு மூலையில், நில நடுக்கோட்டுக்கு மூன்று பாகை தெற்கே இருக்கிறது. உயரம் 5,895 மீட்டர். ஆப்பிரிக்காவிலேயே உயரமான இடம். இமயம்போல் தொடர் மலை அல்ல. சமவெளியில் தன்னந்தனியாக எழுந்து நிற்கும் எரிமலை. ஷிரா, மவென்ஸி, கிபோ என்று மூன்று கூம்புகள். கிபோதான் உச்சி. 1889-இல் ஹான்ஸ் மேயர் என்ற ஜெர்மானியரும் லுட்விக் புர்ட்ஷெல்லர் என்ற ஆஸ்திரியரும் முதன்முதலில் உச்சியை அடைந்ததாகப் பதிவு. ஜெர்மானியர் தம் சக்கரவர்த்தி வில்ஹெல்மின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். 1961-இல் நாடு விடுதலை பெற்றபோது அது 'உஹுரு' ஆயிற்று. உஹுரு என்றால் விடுதலை.

வீட்டில் அனுமதி வாங்கியது தனிப் புராணம். இருதய டாக்டர் டிரெட்மில்லில் ஓடவிட்டுச் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் என் மனைவி பெட்டியைத் தொடவே விட்டாள்.

பாபு என்றால் யார்?

2024 செப்டம்பரில் மும்பையிலிருந்து அடிஸ் அபாபா வழியாகப் பறந்து, மலையடிவாரத்து மோஷி நகரத்தை அடைந்தோம். நாங்கள் 11 பேர். அங்கே பேசும் ஸ்வாஹிலியில் நம் ஊர்ச் சொற்கள் கேட்டு வியந்துபோனேன். கடைக்கு 'டுக்கா', சாயத்துக்கு 'ரங்கி', இன்ஷூரன்ஸுக்கு 'பீமா'. வண்டி 'காரி', ரயிலுக்கு 'காரி லா மோஷி', அதாவது புகை வண்டி! நாமும் அப்படித்தானே சொன்னோம்? குஜராத்தி வணிகர்களும், 1896 முதல் 1901 வரை மொம்பாஸாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை ரயில் பாதை போட்ட இந்தியத் தொழிலாளர்களும் சென்ற வட்டாரம் அல்லவா! அந்தப் பாதைக்காக 30,000-க்கும் மேற்பட்டோர் இங்கிருந்து கொண்டுபோகப்பட்டார்கள். சுமார் 2,500 பேர் திரும்பவில்லை. ரயில்வேக்காரன் என்ற முறையில் அவர்களை மனத்துக்குள் வணங்கிக்கொண்டேன்.

நிற்க. எங்கள் தலைமை வழிகாட்டி முதல் நாளே என்னைப் 'பாபு' என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்றது. நம் ரயில்வேயில் பாபு என்றால் ஆபீஸ் குமாஸ்தா! நான் வெயிலில் நின்று பாதை பார்த்தவனாயிற்றே! பிறகுதான் தெரிந்தது, ஸ்வாஹிலியில் பாபு என்றால் தாத்தா.

இருபது கிலோ

நாங்கள் சென்றது மச்சாமே பாதை. ஏழு நாள் பயணம். தனியாக ஏற அனுமதி கிடையாது. பதிவு பெற்ற வழிகாட்டியுடன்தான் போக வேண்டும். எங்கள் 11 பேருக்காக வழிகாட்டிகள், சமையற்காரர், போர்ட்டர்கள் என்று 41 பேர் வந்தார்கள்! கூடாரம், அடுப்பு, அரிசி, முட்டை எல்லாம் அவர்கள் தலையில்தான்.

சுமார் 1,800 மீட்டர் உயரத்திலுள்ள நுழைவாயிலில் ஒரு தராசு தொங்குகிறது. ஒரு போர்ட்டருக்கு 20 கிலோவுக்கு மேல் சுமை கூடாது என்பது விதி. ஒவ்வொரு மூட்டையையும் நிறுத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். என் பையில் பருப்புப் பொடி, முறுக்கு, ஊறுகாய், எவர்சில்வர் டம்ளர் என்று இரண்டு கிலோவுக்கு மேல் இருந்தது. என் பையைச் சுமக்கப்போகும் இளைஞனுக்கு என் மகனைவிட வயது குறைவு. முறுக்கை அங்கேயே எல்லோருக்கும் பங்கு போட்டுவிட்டு, டம்ளரையும் ஊறுகாயையும் எங்களை இறக்கிவிட்ட வண்டியிலேயே திருப்பி அனுப்பினேன். பொடியை மட்டும் விட மனம் வரவில்லை!

மும்பையிலிருந்து புனே போகும்போது கர்ஜத்தில் ரயிலின் பின்னால் பேங்கர் எஞ்சின்களை மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். 37-இல் 1 என்ற ஏற்றத்தில் முன் எஞ்சின் மட்டும் இழுத்தால் போதாது. பின்னாலிருந்து தள்ள வேண்டும். லோனாவளா வந்ததும் அவற்றைக் கழற்றிவிடுவார்கள். பயணிகளில் எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்? கிளிமஞ்சாரோவின் போர்ட்டர்களும் அப்படித்தான். உச்சியில் எடுக்கும் படங்களில் அவர்கள் இருப்பதில்லை.

போலே போலே

ஸ்வாஹிலியில் 'போலே போலே' என்றால் மெள்ள மெள்ள. ஒரு நாளைக்கு நூறு முறை அதைக் கேட்டோம். முதல் நாள் மழைக்காடு. பாசி போர்த்த மரங்கள். இரண்டாம் நாள் புதர் நிலம். மூன்றாம் நாள் முட்டைக்கோஸைத் தூக்கிக் கம்பத்தின் மேல் வைத்ததுபோன்ற ராட்சதச் செடிகள். அதற்கு மேல் வெறும் கல்லும் சாம்பலும். சாப்பாட்டில் 'உகாலி' என்ற மக்காச்சோளக் களி வரும். நம் களிக்கு அண்ணன் என்று சொல்லலாம். என் பருப்புப் பொடி அதற்கு வெகு பொருத்தம்!

மெள்ளப் போகச் சொல்வது வயதானவர்களுக்காக அல்ல. மேலே போகப் போகக் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவதில்லை. காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. பழைய வாக்குவம் பிரேக்கைக் கையாண்டவர்களுக்கு இது எளிதில் புரியும். காற்றழுத்தம் குறைந்தால் பிரேக்கின் பிடி குறையும். அதுபோல உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதி அளவு பிராணவாயுதான் கிடைக்கும். இதற்கு உடம்பு பழக நாட்கள் தேவை. அதனால்தான் மூன்றாம் நாள் சுமார் 4,600 மீட்டரிலுள்ள லாவா டவர் வரை ஏற்றி, இரவு தூங்க 4,000 மீட்டருக்கும் கீழே பரான்கோ முகாமுக்கு இறக்கிவிடுகிறார்கள்.

எங்கள் குழுவில் 27 வயது சாஃப்ட்வேர் இளைஞர் ஒருவர். இரண்டாம் நாள் எல்லோருக்கும் ஒரு மணி நேரம் முன்னதாக முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். அன்றிரவே மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி. மறுநாளிலிருந்து என் பின்னால் நடக்க ஆரம்பித்தார். "அங்கிள், உங்கள் ஸ்பீடுதான் சரி" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சிவப்பு விளக்கு

ஐந்தாம் நாள் 4,673 மீட்டரில் பராஃபு முகாம். பராஃபு என்றால் பனிக்கட்டி. நம் இந்தி 'பரஃப்'தான்! அன்று நள்ளிரவில் உச்சிக்குப் புறப்பட்டோம். உறைந்த சரளை காலுக்குப் பிடிமானம் கொடுக்கும். விடியலில் உச்சியை எட்டிவிட்டுப் பகலிலேயே இறங்கிவிடலாம். அதற்காகத்தான் இந்த நேரம். எங்கும் இருட்டு. நெற்றி விளக்குகள் மட்டும் வரிசையாக மேலே போயின. குளிரில் தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது. ஏற்றம் ஏறக்குறைய 4-இல் 1. பல்சக்கரம் வைத்து ஏறும் நம் ஊட்டி ரயிலுக்கே மிகச் செங்குத்தான இடத்தில் 12-இல் 1 தான்!

ஒரு மூச்சுக்கு ஓரடி. ஏழு மணி நேரத்துக்குப் பிறகு, வானம் சிவக்கும் வேளையில் எரிமலை வாயின் விளிம்பிலுள்ள ஸ்டெல்லா பாயின்ட் வந்தது. 5,756 மீட்டர். தூரத்தில் வெள்ளைச் சுவராகப் பனிப்பாறை. 1912-இல் இந்த மலையில் இருந்த பனியில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இன்று இல்லை. இனி உச்சி வரை ஏற்றம் குறைவு. ஒரு மணி நேர நடை.

வழிகாட்டி என் அருகில் வந்து, "பாபு, இன்று என்ன கிழமை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஏதோ பதில் சொன்னேன். அது மராத்தியில் இருந்ததாம்! பிறகு ஒரு காலின் விரல் நுனியில் மறு காலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். பத்து அடி கூட நடக்க முடியவில்லை. குடித்தவன்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். எனக்கோ நேராக நடப்பதாகத்தான் நினைப்பு.

"போதும் பாபு, இறங்குகிறோம்" என்றார் அவர்.

எனக்குக் கோபம் வந்தது. "இன்னும் 139 மீட்டர்தானே! மெள்ளப் போய்விடலாம்" என்றேன்.

"மேலே போக நான் உங்களைத் தள்ளிவிடலாம். அங்கிருந்து கீழே கொண்டுவருவது யார்?"

'மெள்ளப் போய்விடலாம்' என்ற சொல் என் காதிலேயே திரும்ப ஒலித்தது. ஒரு மழைக்கால இரவு, மலைப்பாதையில் ஜல்லி அரித்துப் போயிருந்த இடத்தில் சிவப்பு விளக்குடன் நின்று ஒரு ரயிலை நிறுத்தினேன். டிரைவர் என்னைவிட மூத்தவர். "பத்து நிமிஷம்தான், மெள்ளப் போய்விடலாம்" என்று எவ்வளவோ சொன்னார். நான் மசியவில்லை. அன்று அவர் கண்ணுக்குப் பாதை நன்றாகத்தான் தெரிந்தது. பழுது அவருக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. இன்று பழுது என் தலைக்குள். அது எனக்குத் தெரியவில்லை. சிவப்பு விளக்கு காட்டுகிறவருக்குத் தெரிகிறது.

சங்கத்தின் சிறிய பதாகையைப் பையிலிருந்து எடுத்து அந்த சாஃப்ட்வேர் இளைஞரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

இறங்கிய பின்

ஒரு உதவி வழிகாட்டியும் என் பையைச் சுமந்த அதே இளைஞனும் இருபுறமும் தோள் கொடுத்து இறக்கினார்கள். மேலே போகும் போர்ட்டர்கள் சிலரே. என் நல்ல காலம், அன்று அவன் வந்திருந்தான். அன்று மாலை 3,100 மீட்டரிலுள்ள ம்வேகா முகாமில் என் தலை தெளிந்துவிட்டது. உயர நோய் மூளையைத் தாக்கினால் வீக்கம் வரும், நுரையீரலைத் தாக்கினால் நீர் கோக்கும். இரண்டும் உயிரைக் குடிக்கக்கூடியவை. இறங்குவதுதான் முதல் மருந்து என்று வழிகாட்டி விளக்கினார். மெள்ள நடந்தவனுக்கு ஏன் வந்தது என்று கேட்டேன். "யாருக்கு வரும் என்று மலைக்குத்தான் தெரியும், பாபு" என்று சிரித்தார்.

ஸ்டெல்லா பாயின்ட் வரை சென்றவர்களுக்கும் பூங்கா அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் தருகிறார்கள். வாங்கிக்கொண்டேன். பதாகையுடன் இளைஞர் உச்சியில் எடுத்த படத்தைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். பிரியும்போது என் கனமான ஜாக்கெட்டையும் பூட்ஸையும் அந்தப் போர்ட்டர் இளைஞனிடம் கொடுத்தேன். பூட்ஸ் அவனுக்கு ஒரு அளவு பெரிது. "இரண்டு காலுறை போட்டுக்கொள்வேன்" என்றான்.

போக விரும்பும் அன்பர்களுக்கு: செலவு குறைகிறதென்று ஐந்து நாள் பயணத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஏழெட்டு நாள் எடுங்கள். டாக்டரைக் கேளுங்கள். போர்ட்டர்களுக்குச் சரியான கூலியும் உணவும் தரும் நிறுவனமா என்று விசாரியுங்கள். வழிகாட்டி 'திரும்பு' என்றால் எதிர்க்கேள்வி கேட்காதீர்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவியிடம், "139 மீட்டர் பாக்கி வைத்துவிட்டேன்" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முழுசாக வந்தீர்களே, அது போதும். கை கால் கழுவிக்கொண்டு வாருங்கள், ரசம் ஆறுகிறது" என்றாள்.