அபினில் பிறந்த மருந்தும் நம் இதயமும்

குருமாவுக்கு அரைக்கிற கசகசாவும் அபினும் ஒரே செடியில் விளைபவைதான். முற்றாத காயைக் கீறினால் வடிகிற பால், அபின். காய் முற்றிக் காய்ந்ததும் உள்ளே கலகலக்கிற விதை, கசகசா. அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தவர் செர்ட்டூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளுநர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது அது.

"அது வலிக்குப் போடுகிற ஊசியாச்சே! இதயத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, சகோதரிகளே!

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்வதைத்தான் பெரும்பாலும் மாரடைப்பு என்கிறோம். பிராணவாயு கிடைக்காமல், ஏறக்குறைய அரைமணிக்குள் தசை சாக ஆரம்பித்துவிடும்.

கண்ணாடி டம்ளரில் கொதிக்கிற காபியைச் சட்டென்று ஊற்றினால் விரிசல் விடும். முதலில் வெதுவெதுப்பான நீரை ஊற்றிப் பழக்கினால் தாங்கும். இதயமும் அப்படித்தான்! 1986-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், நாய்களின் இதய ரத்தக் குழாயை ஐந்தைந்து நிமிஷமாக நான்கு தடவை அடைத்துத் திறந்தார்கள். பிறகு 40 நிமிஷம் அடைத்தார்கள். முன்கூட்டிப் பழக்காத இதயங்களில் ஏற்பட்ட சேதத்தில் கால் பங்குதான் இவற்றில் இருந்தது.

இதயத்தைக் காத்தது எது? நம் உடம்பே அபின் போன்ற பொருள்களைச் சுரக்கிறது என்பதை 1975-லேயே ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் இருவரும் கண்டறிந்திருந்தார்கள். 1995-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் கிராஸ் குழுவினர், அபினின் வேலையைத் தடுக்கும் நலாக்ஸோன் மருந்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பழக்கியும் பலனில்லாமல் போயிற்று! அடுத்த ஆண்டு, முன்கூட்டிப் பழக்காத எலிகளுக்கு வெறும் மார்ஃபின் கொடுத்தார்கள். சேதம் வெகுவாகக் குறைந்தது.

இதயத்தின் செல்களில் இந்த மருந்துக்கென்றே பூட்டுகள் உண்டு. சாவி போல மார்ஃபின் அதில் பொருந்தினால், செல்லுக்குள் பொட்டாசியம் போய்வரும் சிறு வாசல்கள் திறக்கின்றன. ரத்தம் வராத நேரத்தைத் தசை தாக்குப்பிடிக்கிறது.

அதற்காக, கசகசா பாயசம் குடித்தால் இதயம் பலப்படும் என்று கிளம்பிவிடாதீர்கள்! மனிதர்களிடம் இந்தப் பலன் இன்னும் உறுதியாகவில்லை. அதோடு, மார்ஃபின் மூச்சை மந்தமாக்கும், குடலையும் மந்தமாக்கும். அதனால், ரத்தம் உறையாமலிருக்க மாரடைப்பின்போது விழுங்கக் கொடுக்கும் மாத்திரைகள் ரத்தத்தில் சேரத் தாமதமாகும். ஆகவே டாக்டர்கள் யோசித்துத்தான் அதைப் போடுகிறார்கள்.

வீட்டில் புற்றுநோய்க்காரருக்கு வாங்கிய மார்ஃபினோ, முழங்கால் வலிக்குக் கொடுத்த டிராமடாலோ மிச்சம் இருக்கலாம். நெஞ்சு வலிக்கு அதை எடுத்து விழுங்கவே கூடாது. வலி அடங்கினால் அடைப்பு நீங்கிவிட்டதாக அர்த்தமில்லை. வலி தெரியாத தைரியத்தில் வீட்டிலேயே உட்கார்ந்திருப்போம். உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும்.

நம் பெண்களுக்கோ நெஞ்சில்தான் வலிக்கும் என்பதில்லை. தாடை, முதுகு, தோள்பட்டை வலி, மூச்சுத்திணறல், குமட்டல், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத அசதி என்றும் வரலாம். "வாயுவாக இருக்கும், ஓமத் தண்ணி குடிச்சா சரியாப் போயிடும்" என்று அடுப்படியில் நிற்காதீர்கள். சமையல் பாதியில் கிடக்கட்டும். அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டாரை அழைத்துக்கொண்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.