உஷார்! கார் திரை ‘ஓகே’ கேட்கும்போது...

காரை ஸ்டார்ட் செய்ததும் நேவிகேஷன் திரை மேப்பைக் காட்டாது. முதலில் ஒரு பத்தியை நீட்டும். சாலையைப் பார்த்து ஓட்டுங்கள். போக்குவரத்து விதிகளை மதியுங்கள். மேப்பில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. கீழே ‘ஓகே’ அல்லது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பட்டன். பல கார்களில் அதை அமுக்கினால்தான் மேப்பே வரும். பால் வாங்கப் போனாலும் இதே பாடம், பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் இதே பாடம். எரிச்சல் வரத்தான் செய்யும். கோர்ட் படியேறும் நாள் வந்தால் கம்பெனி தப்பித்துக்கொள்ள வக்கீல்கள் எழுதிக்கொடுத்த வாசகங்கள்தானே என்று தோன்றும். அதில் உண்மையும் உண்டு.

ஆனால் அந்தத் திரையால் நமக்குப் போவது சில நொடிகள்தான். அதை விரட்டுவதற்காக ஆட்கள் செய்கிற வேலைகளைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

பென்டிரைவ் சமாசாரத்தை எடுத்துக்கொள்வோம். 2014 மாடலில் தொடங்கி மாஸ்டா கார்கள் பலவற்றில் ‘மாஸ்டா கனெக்ட்’ திரை வந்தது. ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் எச்சரிக்கை. வண்டி உருளத் தொடங்கினால் டச் ஸ்கிரீன் வேலை செய்யாது. இது பிடிக்காத ஆர்வலர்கள் சொந்தமாக ஒரு மாற்று புரோகிராம் எழுதினார்கள். பென்டிரைவில் ஏற்றி யு.எஸ்.பி.யில் செருகினால் எச்சரிக்கை கண்மூடித் திறப்பதற்குள் மறையும், ஓடும் வண்டியிலும் டச் வேலை செய்யும். பின்னாளில் வந்த வெர்ஷன்களில் கம்பெனி அந்த வழியை அடைத்தது. ஆர்வலர்கள் வேறு வழி தேடினார்கள். மாஸ்டா இந்தியாவில் கார் விற்பதில்லை என்றாலும் சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியாவில் இதைப் படிப்பவர்கள் வீட்டு வாசலில் அந்தக் கார் நின்றுகொண்டிருக்கலாம்.

வேலை செய்தால் சந்தோஷம்தான். நடுவில் கரன்ட் விட்டுப்போனாலோ, வெர்ஷன் பொருந்தாவிட்டாலோ திரை ரீஸ்டார்ட் ஆகும், மறுபடி ரீஸ்டார்ட் ஆகும், அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பிறகு டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியதுதான். இந்தக் கருவி எவ்வளவு நோஞ்சான் என்பதற்கு ஒரு கதை உண்டு. 2022 ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில், 2014 முதல் 2017 வரையிலான மாஸ்டா கார்கள் பலவற்றில் ரேடியோ 94.9 எஃப்.எம்.மிலேயே மாட்டிக்கொண்டது. ஸ்டேஷனை மாற்ற முடியவில்லை. திரை ஓயாமல் ரீஸ்டார்ட் ஆனது, நேவிகேஷனும் புளூடூத்தும் போயின. காரணம், கே.யு.ஓ.டபிள்யூ. என்ற அந்த வானொலி நிலையம் ஒலிபரப்போடு அனுப்பிய படக் கோப்புகளின் பெயரில், இது இன்ன வகைக் கோப்பு என்று சொல்லும் கடைசி எழுத்துகள் இல்லை. அவ்வளவுதான் குற்றம். புது யூனிட்டுக்கு 1,500 டாலர் ஆகும் என்று டீலர்கள் சொன்னார்கள். பிறகு கம்பெனியே இலவசமாக மாற்றித்தர முன்வந்தது. வானொலிக்காரர் தவறுக்குக் கம்பெனி இரங்கியது; நீங்களே பென்டிரைவைச் செருகிக் கெடுத்தால் இரங்குமா?

பணத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. 2024 நவம்பரில் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான டிரெண்ட் மைக்ரோவின் ஜீரோ டே இனிஷியேட்டிவ் குழு இதே மாஸ்டா கருவியைப் பிரித்துப் பார்த்து ஓட்டைகளை வெளியிட்டது. கெட்ட எண்ணத்தோடு தயாரித்த ஒரு யு.எஸ்.பி.யைச் செருகினால் போதும், கருவி முழுவதும் அதைத் தயாரித்தவன் கைக்குப் போய்விடும். அங்கிருந்து பக்கத்திலுள்ள இன்னொரு சிப்பின் மென்பொருளையும் மாற்றி, காரின் உள் நெட்வொர்க் வரை போகலாம் என்றது அந்த ஆய்வு. என்ஜினும் பிரேக்கும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது இந்த வகை நெட்வொர்க்கில்தான். கார்த் திரை வெறும் பாட்டுப்பெட்டி என்று இன்னமும் நினைப்பவர்கள் 2015-ஐ நினைத்துப்பார்க்கலாம். அந்த ஆண்டு அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் வீட்டில் உட்கார்ந்தபடி, ஹைவேயில் போய்க்கொண்டிருந்த ஜீப் செரோக்கியின் வேகத்தைக் குறைத்துக் காட்டினார்கள். உள்ளே நுழைந்த வாசல், திரைக்குப் பின்னால் இருக்கும் இன்ஃபோடெயின்மென்ட் கருவி. 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். கூத்து என்னவென்றால், ஓட்டையை அடைக்கும் மென்பொருளைக் கம்பெனி தபாலில் பென்டிரைவாக அனுப்பியது! தபாலில் வரும் பென்டிரைவைக் காரில் செருக ஜனங்களைப் பழக்குகிறீர்களே என்று பாதுகாப்பு வல்லுநர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஆகவே எச்சரிக்கைத் திரையை எடுத்துத்தருகிறேன் என்று முகம் தெரியாதவர் தரும் கோப்பை, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், காருக்குள் ஏற்றாதீர்கள். அப்டேட் தேவையா, சர்வீஸ் சென்டர் அல்லது கம்பெனியின் சொந்தத் தளம். மூன்றாவது இடம் கிடையாது.

நம் ஊர் நிலவரம் வேறு மாதிரி. இங்கே பென்டிரைவ் வரை போவதே இல்லை, ஒரே ஒரு ஒயரில் வேலை முடிந்துவிடுகிறது. சென்னை ஜி.பி. ரோட்டிலோ உங்கள் ஊர் கார் டெக்கார்ஸ் கடையிலோ ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டும்போது பின்னால் கொத்தாக ஒயர்கள் இருக்கும். அதில் ஒன்று ஹேண்ட் பிரேக் ஒயர். பயனியர் போன்ற பிராண்டுகளில் வெளிர் பச்சை. அதை ஹேண்ட் பிரேக் சுவிட்சோடு இணைக்கவேண்டும். லீவரை இழுத்தால் ஒயர் பாடியில் எர்த் ஆகும், வண்டி நிற்கிறது என்று ஸ்டீரியோ புரிந்துகொண்டு வீடியோவைத் திறக்கும். லீவரை விட்டால் எர்த் அறுந்து, ‘வண்டி ஓடும்போது பார்க்கக்கூடாது’ என்று திரை மூடிக்கொள்ளும்.

சுவிட்ச் வரை ஒயர் இழுக்க சென்டர் கன்சோலைக் கழற்ற வேண்டும். யாருக்கு நேரம்? “டைரக்டா எர்த் குடுத்துட்டேன் சார், இனிமே வார்னிங்கே வராது, ஓடும்போதும் படம் ஓடும்” என்று பெருமையாகவே சொல்வார்கள். நாமும் தலையாட்டிவிட்டு ஜிபே செய்துவிட்டு வருவோம். அந்த நிமிடம் முதல் உங்கள் ஸ்டீரியோவின் கணக்கில் வண்டி என்றென்றைக்கும் நின்றுகொண்டே இருக்கிறது, பைபாஸில் நூறில் பறக்கும்போதும். இப்படி ஒரே எர்த்துக்கு ஏமாறாத மாடல்களை ஏமாற்றவென்றே குட்டி பைபாஸ் கருவிகளும் விற்கின்றன. பின் சீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் என்று சமாதானம் சொல்வோம். திரை இருப்பதோ டிரைவரின் இடது கைப் பக்கம்.

இவை எதையும் செய்யாதவர்கள் செய்வது ஒன்று உண்டு. கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கிய பிறகு, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மறுகையால் ஓகே, ஊர் பெயர், ரூட், ஸ்டார்ட். 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி கண்ணை எடுத்தால் வண்டி 33 மீட்டர் குருட்டுத்தனமாகப் போயிருக்கும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு பார்வைக்கு அந்த இரண்டு நொடிதான் உச்சவரம்பு, மொத்த வேலைக்கும் சேர்த்து 12 நொடி. நாம் செய்வதோ? ஏ.ஏ.ஏ. என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் அமைப்புக்காக யூட்டா பல்கலைக்கழகம் 2017-ல் சோதித்துப் பார்த்ததில், போகும் இடத்தை நேவிகேஷனில் ஏற்றச் சராசரியாக 40 நொடி ஆனது. திரையை எட்டித் தொடும்போது கை அறியாமலே ஸ்டீயரிங்கையும் லேசாகத் திருப்பிவிடுகிறது என்று கண்டுதான், 2019 மாஸ்டா3-ல் டச் ஸ்கிரீனையே தூக்கிவிட்டு கியர் பக்கத்திலுள்ள குமிழை மட்டும் விட்டுவைத்தார்கள்.

ஓட்டும்போது கவனம் சிதறக்கூடாது என்பதை இந்தியச் சட்டமும் தெளிவாகச் சொல்கிறது. 2020 அக்டோபர் முதல் அமலில் உள்ள விதிப்படி கையடக்கக் கருவியை வழி பார்க்க மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில். மீறினால் அபாயகரமாக ஓட்டிய குற்றம், 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதம்.

மேப் தப்பாக இருக்கலாம் என்று எச்சரிக்கைத் திரை சொல்லும் வரியையும் லேசாக எடுக்காதீர்கள். 2024 ஜனவரியில் நீலகிரி கூடலூரில், மேப் காட்டிய குறுக்குவழியில் திரும்பிய கார் படிக்கட்டில் இறங்கி நின்றது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் பாதி போயிருந்த பாலத்திலிருந்து கார் ராமகங்கையில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தை மூடாமல் விட்டது அதிகாரிகள் குற்றம்தான்; வண்டிக்குள் இருந்த மேப்புக்கு அந்த உடைப்பு தெரியவில்லை.

புதுக் காரில் முதல் தடவை வரும் திரைகளில் மட்டும் இன்னொரு ஜாக்கிரதை வேண்டும். அங்கே ஓகே கேட்பது எச்சரிக்கையாக இல்லாமல் உங்கள் தகவலுக்கான அனுமதியாகவும் இருக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் தன் ‘ஸ்மார்ட் டிரைவர்’ திட்டத்தில் ஆட்களைக் குழப்பிச் சேர்த்து, மூன்று நொடிக்கு ஒருமுறை வரை அவர்கள் இருக்குமிடத்தைச் சேகரித்து விற்றது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் குற்றம் சாட்டியது. அந்தத் திட்டத்தில் திரட்டிய தகவலை வைத்து இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஏறிய ஓட்டுநர்கள் உண்டு. டெலிவரி எடுக்கும் நாளில் சேல்ஸ்மேன் உங்களுக்காக மடமடவென்று ஓகே தட்டிக்கொண்டே போவார். “கொஞ்சம் இருங்க தம்பி, நானே படிச்சுக்கறேன்” என்று வாங்கிக்கொள்ளுங்கள். சில மாடல்களில் எச்சரிக்கையைக் குறைக்கவோ நிறுத்தவோ செட்டிங்ஸிலேயே வழி இருக்கும். அப்போதே கேட்டுக்கொள்ளலாம். தினசரி ஓகேயையும், போகும் இடத்தையும் ஹேண்ட் பிரேக் இறக்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். நடுவழியில் மாற்றவேண்டுமானால் ஓரங்கட்டுங்கள், இல்லையேல் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் ஒரு சோதனை செய்யவேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, பிரேக் பெடலில் காலை வைத்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு ஒரு வீடியோவைப் போட்டுப் பாருங்கள். திரை மறுத்தால் ஒயர் ஒழுங்காக இருக்கிறது. படம் ஓடினால் யாரோ எர்த் கொடுத்திருக்கிறார்கள், அல்லது செட்டிங்ஸில் ஓட்டும்போது வீடியோ பார்க்கும் வசதியைத் திறந்துவைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸ் என்றால் நீங்களே மூடிவிடலாம். ஒயர் என்றால் கடைக்காரரிடம் கொடுத்து சுவிட்ச் வரை இழுத்து மாட்டச் சொல்லுங்கள், மாட்டிய பிறகு அங்கேயே ஒருமுறை லீவரை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.