மிக்ஸி தெரியுமா? ரயில் எஞ்சினும் தெரியும்!

எனக்கு ரயில் எஞ்சின் ரிப்பேர் செய்யத் தெரியும் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. எங்கள் பெருங்குடிக் குடியிருப்பில் முதன்முதலில் சொன்னபோதும் எல்லோரும் சிரித்தார்கள். "ஏன் அக்கா, பறக்கும் ரயில் நடுவழியிலே நின்னுட்டா இனிமே உங்களைத்தான் கூப்பிடணுமா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

நான் சொல்வது அந்த ரயில் அல்ல. உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிற ரயில். ஆனால் பிள்ளைகள் இழுத்து விளையாடி, சக்கரம் கழன்றதும் பரணில் போடுகிற பொம்மையும் அல்ல. நிஜ எஞ்சினை அளவெடுத்து, எல்லாப் பக்கமும் ஒரே கணக்காகச் சுருக்கிச் செய்கிற மாதிரி எஞ்சின். பெரியவள் சட்டையை வைத்துக் குழந்தைக்குச் சட்டை வெட்டுகிறோமே, அந்த வித்தைதான். 'எச்.ஓ.' என்ற அளவில் நிஜத்தின் 87-இல் ஒரு பங்கு. 20 மீட்டர் நீள எஞ்சின் 23 சென்டிமீட்டராகிவிடும். நல்ல கை வாகு உள்ளவர்களுக்கு ஒரு சாண். அது ஓடுகிற தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர், உங்கள் கட்டை விரல் அகலத்துக்கும் கொஞ்சம் கம்மி.

இந்த வேலை எங்கள் வீட்டுக்குள் வந்தது பொழுதுபோக்குக்காக அல்ல. என் மாமனாரின் வலது கைக்காக.

மாமா ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து 2006-இல் ஓய்வு பெற்றவர். மூன்று வருஷம் முன்னால் ஒரு காலை, காப்பி டம்ளரை வாங்கும்போது கை நழுவியது. வாய் லேசாகக் கோணியது. இவர் உடனே ஆட்டோ பிடித்தார். (சகோதரிகளே, இதை மட்டும் மனத்தில் வையுங்கள். முகம் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சு குழறினால் 'பித்தமா இருக்கும், படுத்து எழுந்தா சரியாயிடும்' என்று ஒரு நிமிஷமும் காத்திருக்காதீர்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.) உயிருக்கு ஆபத்தில்லாமல் வீடு திரும்பினார். ஆனால் வலது கை விரல்கள் மட்டும் வேறு யாருடையவோ போல மடியில் கிடந்தன.

பயிற்சி சொல்லித் தர ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். தட்டில் அரிசியைப் பரப்பி, அதில் பட்டாணியைப் போட்டு, "ஒவ்வொண்ணா பொறுக்குங்க சார்" என்றாள். இரண்டு நாள் பொறுக்கினார். மூன்றாம் நாள் தட்டைத் தள்ளி விட்டார். "நான் என்ன எல்.கே.ஜி. பையனா?" முப்பத்தெட்டு வருஷம் ஸ்பானர் பிடித்த கை அது. அந்தக் கைக்குப் பட்டாணி அவமானம் என்பது எனக்குப் புரிந்தது. பேசுவதும் குறைந்து போயிற்று. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ரயில் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார். அத்தை இருந்திருந்தால் இரண்டு அதட்டல் போட்டு வழிக்குக் கொண்டுவந்திருப்பார். மருமகள் அதட்ட முடியுமா?

எங்கள் கொலுவில் வருஷா வருஷம் பூங்காவுக்குப் பக்கத்தில் நிற்கிற பழைய எஞ்சின் ஒன்று உண்டு. கறுப்பு நிறம், கையில் எடுத்தால் அம்மிக் குழவி போலக் கனக்கும். 1974-இல் மாமா அதை மூர் மார்க்கெட்டில் வாங்கினாராம். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 1900-இல் கட்டிய அந்தச் சிவப்புக் கட்டடம் 1985-இல் தீப்பிடித்து எரிந்து போகும் வரை அங்கே கிடைக்காத பழைய சாமானே இல்லை. வெள்ளைக்காரர்கள் விட்டுப் போன புத்தகம், கிராமபோன், பொம்மை எல்லாம் குவிந்து கிடக்குமாம். மாமா வாங்கியது லிவர்பூலில் செய்த 'ஹார்ன்பி டப்ளோ' எஞ்சின். தன் பிள்ளைகள் விளையாடத் தகரத்தை வெட்டித் துளை போட்டுக் கொடுத்து, 1901-இல் அதற்குக் காப்புரிமை வாங்கிய ஃபிராங்க் ஹார்ன்பியின் கம்பெனி. அதுதான் பிற்பாடு 'மெக்கானோ'. டப்ளோ ரயில்கள் 1938-இல் வந்தன.

எஞ்சின் கிடைத்ததே தவிர, தண்டவாளம் கிடைக்கவில்லை. ஆகவே அது ஒரு நாளும் ஓடியதில்லை. ஐம்பது வருஷமாக மரப்பாச்சிக்குத் துணையாக நின்றதோடு சரி.

பட்டாணித் தட்டை எடுத்து வைத்த அன்று சாயந்திரம் பீரோவிலிருந்து அந்த எஞ்சினை எடுத்து, ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு மாமா முன்னால் வைத்தேன். "மாமா, இது ஏன் ஓடலைன்னு பார்த்துச் சொல்லுங்களேன்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார். "மேல் கூட்டைக் கழட்டணும். ஸ்க்ரூ முன்னாடி இருக்கும், பாரு" என்றார். கழற்றியது நான். ஆனால் கழன்ற ஸ்க்ரூவைப் பொறுக்கித் தட்டில் போட்டது அவர், வலது கையால்! நாலு தடவை நழுவியது, ஐந்தாவது தடவை விழுந்தது. பட்டாணியைவிடச் சின்ன ஸ்க்ரூ. அவமானமாகத் தோன்றவில்லை போலிருக்கிறது.

பயிற்சிக்கு வரும் பெண்ணிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். ஆனால் கண்டிஷன் போட்டாள்: ஒரு நேரத்தில் இருபது நிமிஷம்தான், கை சோர்ந்தால் நிறுத்திவிட வேண்டும், மற்றப் பயிற்சிகளை விடக்கூடாது, பற்றவைக்கும் சால்டரிங் இரும்பை அவர் கையில் கொடுக்கவே கூடாது. பக்கவாதம் வந்த கையில் சூடு சரியாக உறைக்காது. சுட்டுக்கொண்டாலும் தெரியாது. அதனால் சூட்டு வேலை எல்லாம் என் தலையில்.

சரி, கூட்டைக் கழற்றினால் உள்ளே என்ன தெரிந்தது? என் மிக்ஸி தெரிந்தது!

வேடிக்கையில்லை. மிக்ஸி ஓடும்போது அடியில் நிறையப் பொறி பறந்து, கருகல் வாடை வந்தால் ரிப்பேர்காரர் என்ன செய்கிறார்? 'கார்பன் பிரஷ் தேஞ்சு போச்சும்மா' என்று இரண்டு கறுப்புத் துண்டுகளை மாற்றுகிறார். அதே கார்பன் பிரஷ் இங்கே அரிசி அளவில் இருக்கிறது. அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். நடுவில் சுழல்கிற செம்புக் கம்பிச் சுருள், அதைச் சுற்றி மிக்ஸியில் இல்லாத ஒரு காந்தம். மோட்டார் தண்டின் நுனியில் திருகு மரை, அது ஒரு பல் சக்கரத்தைச் சுற்றுகிறது, பல் சக்கரம் எஞ்சின் சக்கரத்தைச் சுற்றுகிறது. முடிந்தது கதை. நம் தலைக்கு மேல் கம்பியிலிருந்து நிஜ ரயில் 25,000 வோல்ட் எடுக்கிறது. இது தண்டவாளத்திலிருந்தே 12 வோல்ட் எடுக்கிறது. ஒரு தண்டவாளத்தில் ஏறி, சக்கரம் வழியாக மோட்டாருக்குப் போய், மறு பக்கச் சக்கரம் வழியாக இறங்கிவிடும். ஒயரை மாற்றிக் கொடுத்தால் ரயில் பின்னால் போகும். மாமாவின் டப்ளோ இன்னும் பழைய ஜாதி. அதற்கு நடுவில் மூன்றாவது தண்டவாளம் வேண்டும், எஞ்சினின் அடியில் உள்ள ஒரு தகட்டுக்கு மின்சாரம் அங்கிருந்துதான் வரும். இரண்டே தண்டவாளத்தில் ஓடும் டப்ளோ 1959-இல்தான் வந்தது.

மோட்டாரில் இருந்த பழைய எண்ணெய் இறுகிப் பனங்கற்கண்டுப் பாகு மாதிரி ஆகியிருந்தது. சக்கரம் அசையவில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு முனையில் தொட்டு, நாலு நாள் துடைத்தோம். (ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் விளக்கோ அடுப்போ கூடாது, பக்கென்று பற்றிக்கொள்ளும்.) நான் சுழலும் பகுதியை வெளியே இழுக்கப் போனேன். "ஐயையோ, அதை உருவாதே! உருவினா பழைய காந்தத்தோட சக்தி போயிடும்" என்று மாமா கத்தினார். ஆறு மாசத்தில் அவர் போட்ட முதல் சத்தம் அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் ஒரு துண்டை மடித்து, எஞ்சினை மல்லாக்கப் படுக்க வைத்து, டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு ஒயரை நான் உடம்பில் வைத்தேன். மறு ஒயரை அவர் வலது கையால் பிடித்துத் தகட்டில் தொட்டார். கை நடுங்கியது, தொட்டு விலகியது, மறுபடி தொட்டது. சக்கரம் சுற்றியது! என் பையன் போட்ட கூச்சலில் பக்கத்து ஃபிளாட்டிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள். காந்தம் கிழடாகி விட்டதால் இரண்டு நிமிஷத்தில் சூடு ஏறிவிடுகிறது. அதனால் தினம் ஓட்டுவதில்லை.

அதற்கப்புறம்தான் ஆசை பிடித்தது. தெரிந்தவர்கள் வீட்டுப் பரணில் ஓடாமல் கிடந்த எஞ்சின்களைக் கேட்டு வாங்க ஆரம்பித்தோம். இப்போது ஏழு சேர்ந்திருக்கிறது. புதிதாக வாங்கினால் ஒரு எஞ்சின் விலையில் நல்ல மிக்ஸி வாங்கலாம், சிலவற்றின் விலையில் ஃபிரிட்ஜே வாங்கலாம். நாங்கள் வாங்கியது ஒன்றுதான், இரண்டு தண்டவாளத்தோடு சேர்த்து. அதற்கே இவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓடாததை ஓட வைப்பதில்தான் ருசி என்பது என் கட்சி.

பராமரிப்பில் நம் கைவைத்தியம் சில உதவும், சில கெடுக்கும். ஓடாத எஞ்சினில் பாதிக்கு மேல் நோயே இல்லை, அழுக்குதான். தண்டவாளம் 'நிக்கல் சில்வர்' என்ற உலோகம். பேரில்தான் வெள்ளி, இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். வெள்ளிக் குத்துவிளக்குப் போல இருக்கிறதே என்று விபூதி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், தூள் பல் சக்கரத்துக்குள் போய் அரைக்கும். பையனின் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. மார்கழியில் பாட்டிலில் உறைகிறதே, உள்ளேயும் உறையும். உலோகப் பற்களுக்குத் தையல் மிஷின் எண்ணெய் நல்லது, அதுவும் குண்டூசி நுனியில் தொட்டு ஒரு பொட்டு. பிளாஸ்டிக் பற்களுக்கு அதற்கென்று விற்கிறதுதான். கார்பன் பிரஷில் எண்ணெய் பட்டால் எஞ்சின் படுத்துவிடும். மழைக் காலத்தில் எங்கள் பக்கம் சுவரே வியர்க்கும். மாத்திரை டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைச் சேர்த்து எஞ்சின் டப்பாவில் போடுகிறேன்.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு ஒரு கண்டிப்பு. இந்த வேலையைத் தரையில் செய்யாதீர்கள். குட்டிக் காந்தம் இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று கவ்வி ஓட்டையே போட்டுவிடும். விளையாட்டு ரயில்களில் வரும் பொத்தான் பாட்டரி இன்னும் மோசம், தொண்டைக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே வெந்துவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சால்டரிங் ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது. நான் பையன் தூங்கின பிறகுதான் இரும்பைச் சொருகுவேன், அதுவும் பால்கனியில், சமையல் மேடையில் அல்ல.

"இதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரமாச்சே" என்று என் ஓரகத்தி இழுத்தாள். ஜெர்மனியில் 'மெர்க்லின்' என்று பேர் பெற்ற ரயில் கம்பெனி இருக்கிறதே, அது 1859-இல் எதைச் செய்து ஆரம்பித்தது தெரியுமோ? பொம்மை வீட்டுச் சமையல் சாமான்கள், நம் சொப்புச் சாமான்தான்! தகரத்தில் செய்தார் தியோடர் மெர்க்லின். ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்தவர் அவர் மனைவி கரோலின். 1866-இல் கணவர் போன பிறகு கம்பெனியைத் தாங்கி நிறுத்தியதும் அந்த அம்மாள்தான். அப்புறம்தான் பிள்ளைகள் காலத்தில், 1891-இல், ரயில் வந்தது. சொப்பு விற்ற காசில் ஓடிய ரயில் என்று ஓரகத்தியிடம் சொன்னேன்.

புனே போகிறவர்கள் கோத்ருடில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பாவ் ஜோஷி என்ற ரயில் பிரியர் ஆயுசு முழுக்கச் சேர்த்தும் செய்தும் வைத்ததை 1998-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஒரு ஊரே குட்டியாக இருக்கிறது, அதில் ரயில்கள் ஓடுகின்றன. என் தம்பி வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். சென்னையிலேயே ஐ.சி.எஃப். பக்கம் 2002-இல் திறந்த ரயில் மியூசியம் இருக்கிறது, அங்கே நிஜ எஞ்சின்களைத் தொட்டே பார்க்கலாம். மாமாவுக்குப் பெருமை வேறு இடத்தில். 1855-இல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் செய்த 'இ.ஐ.ஆர். 21' என்ற நீராவி எஞ்சின் நூறு வருஷத்துக்கு மேல் காட்சிப் பொருளாகவே நின்றது. அதை 2010-இல் மறுபடி ஓட வைத்தது பெரம்பூர் ஒர்க்‌ஷாப். எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை ஓட்டிக் காட்டியும் இருக்கிறார்கள். "ஓடாதுன்னு எவன் சொன்னான்? அழுக்கை எடுத்தா ஓடும்" என்பார் மாமா, அதைப் பற்றிப் பேச்சு வந்தால்.

கை பழையபடி ஆகிவிட்டதா என்று கேட்கிறீர்கள். இல்லை. சட்டைப் பொத்தானை இன்னும் இடது கையால்தான் போடுகிறார். ரசம் சாதத்துக்கு ஸ்பூன் வேண்டியிருக்கிறது. ஆனால் இரண்டு மில்லிமீட்டர் ஸ்க்ரூவை முதல் தடவையிலேயே எடுக்கிறார். பட்டாணி உரிப்பதுகூட உண்டு, யாரும் பயிற்சி என்று சொல்லாத வரைக்கும்.

இந்த நவராத்திரிக்குக் கொலுப் பூங்காவைச் சுற்றி ரயில் விடப் போகிறோம், எங்கள் பறக்கும் ரயில் பாதை மாதிரியே. தெர்மகோல் தூண்கள் என் பொறுப்பு. ஸ்டேஷன் போர்டுகளை வலது கையாலேயே எழுதுவதாக மாமா ஒப்புக்கொண்டிருக்கிறார். வேளச்சேரி, பெருங்குடி, தரமணி மூன்றும் முடிந்துவிட்டன. எழுத்துகள் கொஞ்சம் மலை ஏறி இறங்குகின்றன. "திருவான்மியூருக்கு எழுத்து ஜாஸ்தி, அது நாளைக்கு" என்கிறார்.